காஷ்மீரி கேட்: இரட்டைப் படத்தில் ஒரு நகர வாசல்

தில்லியின் காஷ்மீரி கேட், முகலாயப் பேரரசர் ஷாஜஹான் உருவாக்கிய ஷாஜஹானாபாத் நகரின் வடக்கு வாசல். காஷ்மீர் செல்லும் பாதையை நோக்கி இருந்ததால் இப்பெயர். 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலேயப் படை இதை வெடிவைத்துத் தகர்த்து நகருக்குள் நுழைந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'அண்டர்வுட் அண்டு அண்டர்வுட்' நிறுவனம் விற்ற ஸ்டீரியோ அட்டைகளில் இவ்வாசலும் இடம்பெற்றது. சற்றே இடம் மாற்றி எடுத்த இரு படங்களை அருகருகே ஒட்டி, இரு கண்ணுக்கும் தனித்தனி லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாசல் நேரில் நிற்பதுபோல் தெரியும்.

ஆங்கிலேயர் இவ்வாசலைத் தங்கள் வெற்றிச் சின்னமாகப் போற்றினர். படம் சொல்லாதது வேறு. நகர மக்கள் விரட்டப்பட்டனர். முஸ்லிம்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே திரும்ப அனுமதிக்கப்பட்டனர். ஜாமிஆ மஸ்ஜித் 1862-இல்தான் தொழுகைக்குத் திரும்பக் கிடைத்தது. வாசல் இன்றும் நிற்கிறது. தில்லி செல்வோர் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது, அந்த வரலாற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.