பாஸ்பரைட் வேண்டாம், நன்றி

எஸ்டோனியான்னு சொன்னா எங்களை மாதிரி பொட்டி தட்டற கோஷ்டிக்கு சட்டுனு ஞாபகம் வர்றது ஸ்கைப். 2003ல் வந்து 2025 மே மாசம் கடையை மூடிய அந்த மென்பொருளுக்கு நிரல் எழுதிக் கொடுத்தவங்க எஸ்டோனியாக்காரங்க தான். ஆனா நான் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. அந்த ஊர்ல 1987ல் ஒரு "யுத்தம்" நடந்தது. பாஸ்பரைட் யுத்தம்னே அதுக்குப் பேரு. ஒரு குண்டு கூட வெடிக்கலை. ஆனா அதுல ஆரம்பிச்ச சங்கதி நாலே வருஷத்துல ஒரு நாட்டோட விடுதலையில் போய் முடிஞ்சது.

முதல்ல ஊரைப் பத்தி கொஞ்சம். தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்கு பரப்பளவு. அன்னைக்கு ஜனத்தொகை சுமார் 15 லட்சம். 1940ல் சோவியத் யூனியன் இதை அப்படியே எடுத்து விழுங்கிடுச்சு. 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் இருபதாயிரம் பேருக்கு மேல ரயிலேத்தி சைபீரியாவுக்கு அனுப்பினாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைகள், வயசானவங்க. நீலம், கருப்பு, வெள்ளைன்னு மூணு வண்ணம் கொண்ட அவங்க கொடிக்குத் தடை. "என் நாடு" என்று வாயைத் திறந்தா வம்பு.

ஆனா பறவையைப் பத்திப் பேசலாம். மரத்தைப் பத்திப் பேசலாம். அதுக்கு யாரும் பிடிச்சு உள்ளே போட மாட்டாங்க!

இது தான் எனக்கு இந்தக் கதையில ரொம்ப சுவாரசியமா பட்ட இடம். இயற்கைப் பாதுகாப்புக்கு அங்கே ஏற்கனவே ஒரு பாரம்பரியம் உண்டு. 1910லேயே சாரேமா தீவுக்குப் பக்கத்துல வைக்கா என்ற குட்டித் தீவுகளைப் பறவைகள் சரணாலயமா ஆக்கினாங்க. அதைக் காவல் காத்த ஆர்த்தூர் தோம் என்பவர் பின்னாடி சோவியத் சிறை முகாமில் செத்துப் போனார். போருக்கப்புறம், 1958ல் டார்ட்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு இயற்கைப் பாதுகாப்பு வட்டம் ஆரம்பிச்சாங்க. 1971ல் லாஹெமா தேசியப் பூங்கா வந்தது. மொத்த சோவியத் யூனியனுக்கும் அது தான் முதல் தேசியப் பூங்கா. பூங்கான்ன உடனே வெறும் காடுன்னு நினைச்சுடாதீங்க. பழைய மீனவர் கிராமங்கள், பண்ணை மாளிகைகள் எல்லாம் அதுக்குள்ளே அடக்கம். மரத்தோட சேர்த்து ஊரையும் பத்திரப்படுத்திக்கிட்டாங்க. "தேசிய" என்ற வார்த்தையை அரசாங்கப் பலகையிலேயே எழுதி வைக்க முடிஞ்சது பாருங்க, அது சாதாரண விஷயம் இல்லை.

1960களில் தேசியப் பறவையா தகைவிலான் குருவியைத் தேர்ந்தெடுத்தாங்க. முதுகு நீலம் கலந்த கருப்பு, வயிறு வெள்ளை. தடை செஞ்ச கொடியோட வண்ணங்களும் அதேதான். தற்செயலா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க :-)

சரி, யுத்தத்துக்கு வருவோம்.

பாஸ்பரைட் என்பது உரம் செய்யத் தேவையான பாறை. வட எஸ்டோனியாவில் பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலில் வாழ்ந்த ஓட்டுயிர்களோட ஓடுகள் படிஞ்சு உண்டானது. டாலின் நகரத்துக்குப் பக்கத்துல மார்டுவில் ஏற்கனவே ஒரு சுரங்கம் ஓடிக்கிட்டிருந்தது. அங்கே ஒரு சிக்கல். பாஸ்பரைட்டுக்கு மேல கருப்பா ஒரு களிப்பாறை அடுக்கு இருக்கு. அதுல யுரேனியம் கொஞ்சம் உண்டு, கந்தகம் கலந்த இரும்புக் கனிமமும் உண்டு. அதைத் தோண்டி வெளியில குவிச்சா, காத்து பட்டு சூடாகித் தானாவே பத்திக்கும். மார்டுவில் குப்பை மேடுகள் தன்னால எரிஞ்சு புகைஞ்சதை எல்லாரும் பார்த்திருந்தாங்க.

1987 பிப்ரவரி 25. எஸ்டோனியத் தொலைக்காட்சியில் "பாண்டா" என்று ஒரு சுற்றுச்சூழல் நிகழ்ச்சி. நடத்தினவர் யூஹான் ஆரே. அதுல மாஸ்கோவின் உர அமைச்சகத்து அதிகாரி ஒருத்தர் பேசினப்போ, விருமா பகுதியில் புதுசா பெரிய பாஸ்பரைட் சுரங்கம் தோண்டத் திட்டம் இருக்குன்னு போட்டு உடைச்சிட்டார். உள்ளூர் ஜனங்க கிட்ட யாரும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்கலை.

அவங்க கை வைக்கப் பார்த்த இடத்துக்குப் பக்கத்துலேயே பாண்டிவெரே மேட்டுநிலம். (நம்ம பாண்டி இல்லைங்க.) சுண்ணாம்புப் பாறை, முழுக்க வெடிப்பும் பொந்துமா இருக்கும். பெய்யற மழை மேலே ஓடாம நேரா உள்ளே இறங்கி, மேட்டோட அடிவாரத்துல ஊற்றாப் பொங்கும். நாட்டோட நிறைய ஆறுகளுக்கு அது தான் பிறந்த வீடு. அங்கே ஆழமாத் தோண்டி நிலத்தடி நீரை இறைச்சு வெளியேத்தினா கிணறு வத்தும், ஆறு சுருங்கும். விஞ்ஞானி எண்டெல் லிப்மா போன்றவங்க இதையெல்லாம் வெளிப்படையாப் பேச ஆரம்பிச்சாங்க. செர்னோபில் வெடிச்சு ஒரு வருஷம் கூட ஆகலை அப்போ. அதைச் சுத்தம் பண்ண எஸ்டோனியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 5,000 ஆண்களை அனுப்பினாங்க. மாஸ்கோ "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா யார் நம்புவா?

அந்த வசந்தத்துல நாடே கொதிச்சது. பத்திரிகைகளுக்குக் கடிதம், கையெழுத்து இயக்கம், கூட்டம் மேல கூட்டம். டார்ட்டு மாணவர்கள் "பாஸ்பரைட் வேண்டாம், நன்றி" என்று எழுதின மஞ்சள் பனியனைப் போட்டுக்கிட்டாங்க. மே தின ஊர்வலத்துல, அதாவது கட்சி நடத்துற ஊர்வலத்துலேயே, எதிர்ப்பு வாசகங்களோட போனாங்க. என்ன தைரியம்! இசையமைப்பாளர் ஆலோ மாட்டீசன் விருமாவுக்காகவே ஒரு பாட்டுப் போட்டார். "எந்த மண்ணும் தனியாக இல்லை" என்று தலைப்பு. 1987 முடியறதுக்குள்ள திட்டத்தைக் கைவிட வேண்டியதாப் போச்சு.

மாஸ்கோவை எதிர்த்து நின்னு ஜெயிக்க முடியும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சு போச்சு இல்லையா, அதுக்கப்புறம் நிக்கலை. 1988 ஏப்ரலில் டார்ட்டுவில் ஒரு வேலை பண்ணாங்க. மூவண்ணக் கொடிக்குத் தானே தடை? நீலத்துணி தனியா, கருப்பு தனியா, வெள்ளை தனியா மூணு கொடி பிடிச்சுப் பக்கத்துல பக்கத்துல நடந்தாங்க. 1991 ஆகஸ்ட் 20 சுதந்திரப் பிரகடனம்.

இதோட நிறுத்தினா நல்ல தேசபக்திக் கதை. ஆனா நெருடுற விஷயம் ஒண்ணு இருக்கு.

பாஸ்பரைட்டை எதிர்த்ததுக்குத் தண்ணி மட்டும் காரணம் இல்லை. சுரங்கம் வந்தா யூனியனோட மத்த பாகங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளிகள் வந்து குடியேறுவாங்க என்ற பயமும் இருந்தது. 1934ல் நாட்டுல 88 சதவீதமா இருந்த எஸ்டோனியர்கள் 1989 கணக்கெடுப்பில் 61.5 சதவீதம். அந்த பயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா தண்ணியைக் காப்பாத்தணும், வந்தவனைத் தடுக்கணும் என்ற ரெண்டும் ஒரே கோஷமாக் கலந்து போச்சு. விடுதலைக்கப்புறம் 1992ல் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூணுல ஒருத்தர் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாம நின்னாங்க. பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசறவங்க.

அவங்க நெருக்கமா வாழ்ந்தது வடகிழக்கு மூலையில், நார்வா, கோஹ்ட்லா யார்வே பக்கம். அங்கே எண்ணெய்ப் பாறையைத் தோண்டி எரிச்சு மின்சாரம் எடுப்பாங்க. 1980ல் ஒரே வருஷத்துல 3 கோடி டன்னுக்கு மேல தோண்டியிருக்காங்க. சாம்பல் மலை மலையாக் குவிஞ்சு கிடக்கு. பாண்டிவெரேவுக்காகப் பாட்டுப் பாடின தேசம் இந்த மூலைக்காக அப்படிப் பாடலை. சுதந்திரம் வந்த பிறகும் இருபது வருஷத்துக்கு மேல நாட்டு மின்சாரத்துல பெரும்பங்கு அந்தப் பாறையிலிருந்து தான். அதுக்குச் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? ரஷ்யாவை நம்பி இருக்கக் கூடாது. அதுவும் தேசபக்தி தான்! அதோட விலையா, ஐரோப்பிய ஒன்றியத்துல தலைக்கு அதிகமாக் கரியமில வாயு விடற நாடுகள் வரிசையில் எஸ்டோனியா பல வருஷம் முன்னாடி நின்னது. கரிக்கு ஒன்றியம் போட்ட விலை ஏறின பிறகு, 2019 வாக்கில் தான் அது சரசரன்னு குறைஞ்சது. பாட்டு செய்யாததைப் பணம் செஞ்சது.

ஆனா அவங்க எல்லாத்தையும் மறந்துட்டாங்கன்னும் சொல்ல முடியாது. டார்ட்டு பக்கம், எமயோகி ஆத்தோரம் ஒரு பெரிய மரக்கூழ் ஆலை கட்ட உள்நாட்டு முதலீட்டாளர்களே திட்டம் போட்டாங்க. நூறு கோடி யூரோ முதலீடு, வேலைவாய்ப்பு, வழக்கமான பட்டியல். 2018ல் டார்ட்டு ஜனங்க ஆத்தங்கரையில் கைகோத்து நின்னாங்க. அரசாங்கம் அந்த வருஷமே திட்டமிடலை நிறுத்திடுச்சு. இந்தத் தடவை எதிரில் மாஸ்கோ இல்லை, சொந்த ஆளுங்க. என்னைக் கேட்டா 1987ஐ விட இது தான் கஷ்டமான வெற்றி. அன்னியன் தோண்ட வந்தா மண்ணைக் காக்கணும்னு ரத்தம் தானாக் கொதிக்கும். நம்மாளு தோண்டினா "வளர்ச்சி"ன்னு சொல்லி வாயை அடைச்சிடுவான்.

மண்ணுக்கடியில் அந்தப் பாஸ்பரைட் கிட்டத்தட்ட 300 கோடி டன் அப்படியே தான் கிடக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துலேயே பெரிய இருப்பு. பாஸ்பேட் பாறையை 2014ல் ஒன்றியம் முக்கியமான மூலப்பொருட்கள் பட்டியலில் சேர்த்துடுச்சு. எஸ்டோனிய அரசோட நிலவியல் துறையே விருமாவில் மறுபடி துளை போட்டு ஆராய ஆரம்பிச்சது. ஆய்வு மட்டும் தான், சுரங்கம் இல்லைன்னு விளக்கம். மஞ்சள் பனியன் போட்ட அன்றைய மாணவர்களுக்கு இப்போ அறுபது வயசு நெருங்குது. இந்த முறை கேள்வி கேட்கணும்னா மாஸ்கோவைக் கேட்க முடியாது, டாலினில் அவங்க ஓட்டுப் போட்டு உட்கார வெச்ச அமைச்சரைத் தான் கேட்கணும்.