நேர்மாறு சைனும் திருக்கோணமலை நண்பகலும்

ஒரு கோணத்துக்குச் சைன் பெறுமானம் ஒன்றே. ஒரு சைன் பெறுமானத்துக்குரிய கோணங்களோ பல. ஆதலின், நேர்மாறு சைனைச் சார்பாகக் கொள்ளுதற்பொருட்டு அதன் வீச்சை −90 பாகை முதல் +90 பாகை வரை வரையறுத்தல் இக்கால மரபு. இவ்வாறு விலக்கப்படும் விடைகளைப் பண்டை வானநூலார் எங்ஙனம் பேணினர் என்பதைத் திருக்கோணமலைத் துறைமுகத்து நண்பகல் நிழலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறைமுகம் ஏறத்தாழ வட அகலக்கோடு 8 பாகை 34 கலையில் உள்ளது. ஞாயிறு வான நடுக்கோட்டுக்கு வடக்கே அதே அளவு விலகி நிற்கும் நாளில், நண்பகலில் இங்கு நாட்டிய கோலுக்கு நிழல் இராது. அந்நாள் யாது? அவ்விலக்கத்தின் சைன் 0.1490. ஞாயிற்றின் பெரும விலக்கமாகிய 23 பாகை 26 கலையின் சைன் 0.3977. முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது 0.3746, இதன் நேர்மாறு சைன் 22 பாகை. மேட விழுவத்திலிருந்து ஞாயிறு தன் வீதியில் இத்தொலைவு செல்வது ஏப்பிரல் 12 அளவில். வரையறுத்த வீச்சு தரும் விடை இஃதொன்றே. எனினும் 158 பாகையின் சைனும் அதுவே. ஞாயிறு அவ்விடத்தை ஓகஸ்ட் 31 அளவில் அடைகிறது. அன்றும் நிழல் இல்லை.

கி.பி. 499 காலத்தவரான ஆரியபட்டர் தந்த 24 சைன் வேறுபாடுகளும் கால் வட்டத்தோடு, அஃதாவது 90 பாகையோடு, முடிவன. அதற்கு அப்பாற்பட்ட வில்லை அறிதற்குச் சூரியசித்தாந்தத்தின் மூன்றாம் அதிகாரம் விதி வகுக்கிறது. ஞாயிறு மேடம் முதலான பாதத்தில் நிற்பின் பெற்ற வில்லே விடை. கர்க்கடகம் முதலான பாதத்தில் அதனை அரைவட்டத்தினின்று கழிக்க வேண்டும். துலாம் முதலானதில் அரைவட்டத்தோடு கூட்டவேண்டும். மகரம் முதலானதில் முழுவட்டத்தினின்று கழிக்க வேண்டும். மேற்கண்ட 158 பாகை இரண்டாம் விதியால் வருவதாகும்.

எப்பாதம் என்பதை அவ்வெண் உணர்த்தாது, நிழலே உணர்த்தும். ஏப்பிரலில் வடக்கே விழுந்த நண்பகல் நிழல், அந்நாள் கழிந்ததும் தெற்கே விழும். ஓகஸ்டு இறுதியில் தெற்கு நிழல் வடக்காக மாறும்.

சைன் என்பதன் மேல் −1 இட்டு நேர்மாறைக் குறிக்கும் முறையை ஜோன் ஹேர்சல் 1813ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்குறியீட்டுக்கு முதன்மைப் பெறுமானம் ஒன்றையே உரியதாக்கியமை கணிதத்துக்கு ஒழுங்கு தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வொழுங்கு மனிதர் செய்துகொண்ட உடன்பாடே. ஞாயிறு அதற்குக் கட்டுப்பட்டதன்று. கணிகருவி காட்டும் 22 பாகையோடு அமையும் மாணாக்கன் ஆண்டின் நிழலற்ற நாள்கள் இரண்டனுள் ஒன்றை இழக்கின்றான். வீச்சைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனால் விடுபட்ட விடையை மீட்கும் வழியையும் உடன் கற்பித்தல் வேண்டும்.