படை உடையும் வெளுத்த கைகளும்

படைகளின் வரலாற்றை எழுதுவோர் தளபதியரின் பெயர்களைப் பொறிப்பர். வாளையும் பீரங்கியையும் விரித்துரைப்பர். அப்படைஞர் உடுத்திய உடையை வெளுத்தவர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. கொச்சியில் இவ்வினாவுக்குரிய விடை தமிழரிடம் உள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1663இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். போர்த்துகீசியர் 1555இல் கட்டி அரசர்க்கு அளித்த மட்டாஞ்சேரி அரண்மனையை அவர்கள் செப்பனிட்டமையால், அது இன்றும் டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. எனினும், டச்சுக் கம்பெனியின் படைவீரர் அனைவரும் டச்சுக்காரர் அல்லர். 18ஆம் நூற்றாண்டில் அவர்களுள் பெரும்பகுதியினர் பிறநாட்டார்; அவர்களிலும் மிகுதியானோர் ஜெர்மானியர். 1871இல் ஜெர்மன் பேரரசு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாமில் கப்பலேறிய ஜெர்மானிய இளைஞர் கீழ்த்திசைக் கோட்டைகளில் காவல் நின்றனர்.

குளிர்நாட்டிற்கென அமைந்த உடை மலையாளக் கரையின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதன்று. வியர்வை ஊறிய துணியை அடிக்கடி வெளுத்தாக வேண்டும். இப்பணிக்கென டச்சுக்காரர் தமிழகத்திலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்துவந்து கொச்சியில் குடியேற்றினர் என்பது அச்சமூகத்தாரின் வழிவழிச் செய்தி.

அவர்கள் கொணர்ந்த கலை பழமையானது. ஆடைக்குக் கஞ்சிப்பசை தோய்த்து வெளுக்கும் பெண்ணைக் குறுந்தொகை நமக்குக் காட்டுகிறது. சங்கச் சான்றோர் கண்ட அத்தொழில்தான் ஐரோப்பியரின் படைக்கும் மிடுக்கைத் தந்தது.

1884 முதல் ஜெர்மனி தனக்கெனக் குடியேற்ற நாடுகளைக் கைக்கொண்டது. அதன் கிழக்கு ஆப்பிரிக்கப் படையினரிடையே வெள்ளை உடையும் காக்கி உடையும் வழங்கின. வெள்ளை, தலைமையின் தோற்றத்திற்கு உதவியது. ஆனால் அதன் தூய்மை வெளுப்பவரின் உழைப்பைச் சார்ந்தது. காக்கியோ புழுதியைத் தன்னுள் மறைத்துக்கொண்டது. அச்சொல்லே புழுதி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படையினர் 1840களிலேயே அந்நிறத்தை மேற்கொண்டனர். பாசல் மிஷனின் நெசவு வல்லுநராக 1851இல் மங்களூர் வந்த ஹாலர் என்பவர் அங்கே காக்கிச் சாயத்தை உருவாக்கினார் என்று அவ்வட்டாரத்தில் கூறுவர். ஆக, ஐரோப்பியர் வெப்பநாடுகளில் உடுத்திய உடையின் வரலாற்றில் நம் மேற்குக் கரைக்கும் பங்குண்டு.

டச்சு ஆட்சி 1795இல் கொச்சியில் முடிவுற்றது. ஜெர்மனியின் குடியேற்ற நாடுகள் முதல் உலகப் போரோடு கைநழுவின. வெளுத்தவரின் தொழிலோ தொடர்ந்தது. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில், வெளி என்னும் பகுதியில், 1976இல் அமைந்த சலவைக்கூடத்தில் அம்மரபைக் காணலாம். கல்லில் அறைந்து துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துவர்; கவ்விகள் வேண்டியதில்லை.

சீருடைகளை அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைகளில் காக்கின்றன. அவற்றை வெளுத்தவரின் நினைவுகளோ முதியோர் வாய்மொழியிலேயே வாழ்கின்றன. அம்முதியோர் நம்மோடு இருக்கும்போதே அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல் தமிழ்ச் சங்கங்களின் கடமையன்றோ!