சங்கறுத்தவர்களைத் தேடி

மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்களைப் பற்றி அரசுக் கணக்குகள் நிறையவே பேசுகின்றன. போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என யார் கையில் கடல் இருந்தாலும் சங்கு வருமானம் தரும் சரக்கு. எடுத்த சங்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வங்காளம் போனது. டாக்காவிலும் விஷ்ணுபுரத்திலும் சங்காரிகள் எனப்படும் சங்கறுப்பவர்கள் அதை அறுத்து வளையலாக்கினார்கள். மணமான வங்காள இந்துப் பெண்கள் இன்றும் அணியும் வெள்ளை வளையல் அதுதான்.

இந்தக் கரையில் சங்கறுக்க யாருமே இல்லையா என்பது என் கேள்வி. வருவாய்க் கணக்கில் இதற்கு விடை கிடைக்காது. வரி விதிக்கப்படாத கைவேலை அதில் பதிவாவதில்லை.

முதல் தடயம் 1914இல் சென்னை மாகாண மீன்வளத் துறை வெளியிட்ட ஏழாவது அறிக்கை. எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னல். முத்து, சங்குக் குளிப்புகளைக் கவனித்த அதிகாரி. சங்கின் உயிரியல், வணிகம், வழிபாடு எல்லாவற்றையும் அலசும் அந்த நூலில், தாமிரபரணியை அடுத்துள்ள கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்ததைச் சொல்கிறார். ஆற்று வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனதில் பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே கிடக்கிறது.

வங்காளப் பட்டறைகளைப் பார்த்தவர் என்பதால் அந்தத் துண்டுகள் என்ன என்று ஹார்னலுக்குத் தெரிந்தது. சங்கறுப்பவர் முதலில் உள்தடுப்புகளைச் சுத்தியலால் உடைத்து நடுத்தண்டைத் தளர்த்துவார். பிறகு தரையில் உட்கார்ந்து, காலால் சங்கை அழுத்திக்கொண்டு, பிறை வடிவ இரும்பு வாளைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அறுப்பார். நடுப்பகுதி வளையங்களாகும். சுழி முடியும் உச்சியும் தோள்பகுதியும் கழிவாகிக் கீழே விழும். கொற்கையில் வெறும் வளையல் மட்டும் கிடைத்திருந்தால் அது எங்கோ செய்து இங்கே விற்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். கழிவை யாரும் ஊர்விட்டு ஊர் சுமந்துவந்து கொட்டமாட்டார்கள். பட்டறை அங்கேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் தடயம் இலக்கியத்தில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டார். அதிலுள்ள மதுரைக்காஞ்சி மதுரைக் கடைத்தெருவின் கைவினைஞர்களை அடுக்கும்போது சங்கறுத்துக் கடைபவர்களையும் மணி துளைப்பவர்களையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஆனால் என்னை உட்காரவைத்தது அகநானூற்றின் 24ஆம் பாட்டு. ஆவூர் மூலங்கிழார் பாடியது. இதழ் விரியாமல் முறுக்கிக் கிடக்கும் பகன்றை மொட்டுக்கு அவர் தேடிப் பிடித்த உவமை, வளையல்களை அறுத்தெடுத்தபின் மிஞ்சும் சங்கின் நுனி! பட்டறைத் தரையில் கிடந்த கழிவை ஒரு புலவர் குனிந்து பார்த்திருக்கிறார். ஹார்னல் கண்ட துண்டுகளும் அதே வேலையின் மிச்சம். அகநானூறு முழுமையாக அச்சில் வந்தது 1920களில்தான். 1914இல் எழுதிய அவர் கையில் அந்த நூல் இல்லை. பாட்டும் மண்ணும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே சாட்சி சொல்கின்றன.

அந்தப் பாட்டில் சங்கறுப்பவர் வேள்வி செய்யாத பார்ப்பனர். குலத்தொழிலை விட்டு வாளரம் என்ற அறுக்கும் கருவியைப் பிடித்தவர் என்பதைப் புலவர் அடைமொழியிலேயே சொல்லிவிடுகிறார். வங்காளத்தில் இதே வேலை சங்காரி என்ற ஒரு சாதிக்கு உரியதாயிற்று. தூத்துக்குடியில் மூச்சடக்கிக் கடலடியில் சங்கு பொறுக்கிய பரதவருக்கு வளையல் பட்டறையில் இடமில்லாமல் போயிற்று. பொருளைக் கண்டெடுப்பவருக்கும், அதை வடிப்பவர், அணிபவர் ஆகியோருக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் தூரம்.

யாரைச் செய்பவர் என்று எண்ணுகிறோம் என்பது, கருவிகளைத் தாமே செய்து பார்ப்பவர்களின் இன்றைய மேக்கர் இயக்கத்திலும் எழும் கேள்விதான். லியா பீக்லி உருவாக்கிய லில்லிபேட் ஆர்டுயினோ 2007இல் சந்தைக்கு வந்தது. மின்கடத்தும் நூலால் துணியில் தைக்கக்கூடிய மின்சுற்று அது. அதைக் கொண்டு செய்து காட்டியவர்களில் பெண்களே அதிகம் என்று அவரும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஊசியும் நூலும் கருவியாக ஏற்கப்பட்டதும் வருகைப் பதிவே மாறியது. கொற்கைப் பட்டறையில் சுத்தியல் பிடித்த கை, அறுத்த கை, உள்விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய கை எல்லாம் ஒருவருடையதுதானா என்று நான் துருவுவதும் இதனால்தான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொல்லியலாளர் ஜோனதன் மார்க் கெனோயர் வங்காளச் சங்கறுப்பவர்களின் வேலையைக் கூர்ந்து கவனித்துவிட்டு, சிந்துவெளிச் சங்குகளில் பதிந்த அறுப்புக் கோடுகளைக் கொண்டு அங்கே புழங்கிய வாளின் வடிவத்தையே கணித்தார். வாள் மண்ணில் அழிந்துபோனாலும் அதன் வளைவு சங்கில் நிற்கும். கொற்கைத் துண்டுகளின் கோடுகளையும் அதேபோல அளக்க வேண்டும்: வளைவு, ஆழம், இழுப்பு மாறிய இடம், அறுப்பு தொடங்கிய பக்கம். ஒரே பழக்கமுள்ள கையா, பல கைகளா என்பது அந்த அளவுகளில் தெரியவரும். வளையல்களை விட்டுவிட்டு, கொற்கைக் கழிவுத் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கும் பைகளைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.