முறையிட வந்தவரின் உரிமை

தமிழர் நீதியைப் பற்றிப் பேசப் புகுந்தால் இரண்டு காட்சிகள் தாமே முன்வந்து நிற்கும். ஒன்று, சோழன் அரண்மனை வாயிலிலே தொங்கிய ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு அதன் கயிற்றை இழுத்தது. அரசன் எழுந்து வந்தான். மற்றொன்று, மதுரை வாயிலிலே ஒற்றைச் சிலம்புடன் நின்ற கண்ணகி. அவள் தோற்றங்கண்டு காவலன் அஞ்சினான். ஆயினும் அவளைத் துரத்தவில்லை. உள்ளே சென்று செய்தி சொன்னான். மன்னன் வருக என்றான்.

இக்கதைகளிலே நாம் பெரும்பாலும் அரசனது நேர்மையையே வியக்கின்றோம். ஆனால் அவற்றுள் அடங்கிய வேறோர் உண்மையும் உண்டு. தீங்குற்றவர் தாமே வந்து முறையிடலாம், வாயில் திறந்திருக்கும், வந்தவர் உயிருக்கு ஊறு நேராது என்பதே அது. இந்த வாயில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றிலே எவ்வாறு அடைபட்டும் திறந்தும் வந்தது என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

ஒல்லாந்தர் காலத்திலே, ஆள்பதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, இந்நாட்டு வழக்கங்களில் அனுபவம் மிக்க கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். 1707 ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. சீதனம், முதுசம், ஒற்றி, கடன் ஆகியவற்றை அந்நூல் விரிவாக எடுத்துரைக்கும். காணி இழந்தவனுக்கு அதிலே வழி உண்டு. ஆனால் அடிபட்டவனுக்கும் அவமானப்பட்டவளுக்கும் அது அதிகம் பேசுவதில்லை. அன்றியும், அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதிலே உண்டு. மனிதனே ஒருவனது உடைமையாக எண்ணப்படும் இடத்தில், அவனுக்கு இழைக்கப்படும் தீங்கைக் குறித்து அவன் யாரிடம் முறையிடுவான்? 1844 ஆம் ஆண்டிலே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரே, குடாநாட்டிலே பிறந்த அனைவரும் சட்டத்தின் முன் மனிதராயினர்.

1883 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் தண்டனைச் சட்டக்கோவையை இயற்றினர். குற்றம் என்பது தனி ஒருவருக்கு மட்டும் இழைத்த தீங்கன்று, அரசின் அமைதிக்கே இழைத்த தீங்கு என்பது அவர் கொள்கை. ஆதலால் பாரிய குற்றங்களை நடத்தும் பொறுப்பை அரசே ஏற்றது. இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் ஆகாது. ஏழையின் வழக்கும் அரசின் செலவிலே நடந்தது. பழிக்குப் பழி வாங்கும் வழக்கம் தளர்ந்தது. எனினும் ஒரு குறையும் உடன் வந்தது. வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையே நடக்க, அடிபட்டவர் வெறுஞ் சாட்சியானார். அழைத்த நாளில் வந்து, கேட்டதற்கு விடை சொல்லி, வீடு திரும்புவதே அவர் கடமையாயிற்று.

இக்குறையை உலகமும் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. குற்றத்தாற் காயமுற்றோருக்கு அரசே நட்டஈடு வழங்கும் சட்டத்தை நியூசிலாந்து 1963 ஆம் ஆண்டில் இயற்றியது. மறு ஆண்டு பிரித்தானியாவும் அவ்வழி சென்றது. 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைக்க வேண்டிய முறைகளை ஒரு பிரகடனமாக வெளியிட்டது. இலங்கையிலும் 1978 ஆம் ஆண்டின் சட்டம் வறியோருக்காகச் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவை, பாதிக்கப்பட்டவர் தம் சார்பிலே சட்டத்தரணியை நிறுத்த உரிமை தந்தது. குற்றவாளி நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிடும் அதிகாரத்தையும் மன்றுக்கு அளித்தது.

ஏட்டிலே வாயில் திறந்தது. நாட்டிலே நிகழ்ந்தது வேறு.

யாழ்ப்பாண நகருக்குள் நுழையும் கண்டி வீதியிலே செம்மணி வெளி உண்டு. 1996 செப்டெம்பர் மாதத்தில், பரீட்சை எழுதி வீடு திரும்பிய மாணவி ஒருத்தி அங்கிருந்த இராணுவச் சோதனைச் சாவடியிலே தடுத்து வைக்கப்பட்டாள். மகளைக் காணாத தாய், தன் மகனையும் அயலவர் ஒருவரையும் துணைகொண்டு அச்சாவடிக்குச் சென்று கேட்டாள். நால்வருமே கொலையுண்டனர், அவ்வெளியிலே புதைக்கப்பட்டனர். மதுரை வாயிலிற் கண்ணகிக்குக் கிடைத்த பாதுகாப்பு, கேட்கச் சென்ற இத்தாய்க்குக் கிடைக்கவில்லை.

அவ்வழக்கு கொழும்பிலே மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மன்றில் விசாரிக்கப்பட்டது. 1998 ஜூலையிலே இராணுவத்தினர் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அப்பொழுது குற்றவாளிகளுள் ஒருவன், செம்மணியிலே மேலும் முந்நூறு, நானூறு பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என்றான். 1999 ஆம் ஆண்டில் நடந்த அகழ்விலே 15 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அதன்பின் அவ்வெளி நெடுங்காலம் மௌனமாயிற்று.

2015 ஆம் ஆண்டிலே, குற்றத்தாற் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. மதிப்புடன் நடத்தப்படும் உரிமை, மருத்துவ உதவி, வழக்கின் போக்கை அறியும் உரிமை, அச்சுறுத்தலினின்று காப்பு, நட்டஈடு ஆகியவை அதிலே வகுக்கப்பட்டன. இவற்றை மேற்பார்க்க ஒரு தேசிய அதிகாரசபையும் நிதியமும் அமைந்தன. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றமாயிற்று. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் முன்னையதன் இடத்தைப் பெற்றது.

2015 மே மாதத்திலே புங்குடுதீவில் மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். இம்முறை மூவர் அடங்கிய விசேட மன்று யாழ்ப்பாணத்திலேயே அமர்ந்தது. 2017 செப்டெம்பர் 27 ஆம் நாள் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. துயருற்ற குடும்பம் நீதியைத் தேடிக் கொழும்புவரை செல்லவேண்டியிருக்கவில்லை. தன் ஊரருகே, தன் மொழி வழங்கும் நகரிலே தீர்ப்பைக் கேட்டது. இது சிறிய மாற்றமன்று.

2025 ஆம் ஆண்டிலே செம்மணி மீண்டும் பேசியது. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தருகே நீதிமன்றின் மேற்பார்வையில் நடந்த அகழ்விலே இருநூறுக்கு மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பிள்ளையொன்றின் பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொருளும் அவற்றுடன் இருந்தன. ஆகஸ்டு மாதத்திலே, நீதவானின் கட்டளைப்படி, கண்டெடுத்த உடைகளும் பொருள்களும் பொதுமக்கள் அடையாளங் காணும்பொருட்டு வைக்கப்பட்டன. உறவுகளைத் தொலைத்தோர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றனர்.

முறைமன்று தன் வாயிலிலே வைக்கும் மணி அழகாயிருப்பது போதாது. கயிற்றை இழுக்க வந்தவர் பாதுகாப்பாக வீடு திரும்ப வேண்டும். சட்டங்கள் வகுத்த உரிமைகள் பலவற்றுள்ளும் முதன்மையானது இதுவே. இவ்வுரிமை உறுதிப்பட்டாலன்றி ஏனையவை ஏட்டளவிலேயே நிற்கும். செம்மணி வீதியாற் செல்வோர் மறத்தற்கரிய பாடமும் இதுவேயாம்.