டாஸ் தொடக்கச் செய்திகளைப் பதிவு செய்தல்

டாஸ் தொடக்கச் செய்திகளைப் பதிவு செய்தல் என்பது, எம்எஸ்-டாஸ், பிசி-டாஸ், டிஆர்-டாஸ், ஃப்ரீடாஸ் ஆகிய கட்டளைவரி இயங்குதளங்கள் கணினி உயிர்பெறும்போது திரையில் காட்டும் வரிகளைப் பின்னால் படிப்பதற்காகக் கோப்பிலோ தாளிலோ வேறொரு கணினியிலோ சேமித்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். எந்த இயக்கி ஏற்றப்பட்டது, எது ஏற மறுத்தது, நினைவகம் எவ்வளவு கிடைத்தது, சிடி டிரைவுக்கு எந்த எழுத்து வழங்கப்பட்டது என்பதையெல்லாம் அந்த வரிகளே சொல்கின்றன. டாஸ் தன் தொடக்கத்தைத் தானே குறித்துவைக்கவில்லை. 25 வரித் திரையைத் தாண்டிய செய்தி மேலேறி மறைந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இந்தக் குறையை ஈடுகட்டப் பயனர்களும் நிரலாளர்களும் கையாண்ட வழிகளின் வரலாறு, டாஸின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்வதற்கும் நல்ல வாயில்.

செய்திகள் பிறக்கும் படிகள்

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் பேசுவது பயாஸ். நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, வட்டின் முதல் பகுதியை ஏற்றி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அடுத்து ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்னும் இரு மறைகோப்புகள் ஏறுகின்றன. ஐபிஎம் வெளியீட்டில் இவற்றின் பெயர்கள் ஐபிஎம்பயோ.காம், ஐபிஎம்டாஸ்.காம். ஐஓ.சிஸுக்குள் இருக்கும் சிஸ்இனிட் என்ற பகுதி, கான்ஃபிக்.சிஸ் கோப்பை வரி வரியாகப் படித்து இயக்கிகளை ஏற்றுகிறது. அதன் பிறகே கட்டளை விளக்கியான கமாண்ட்.காம் வருகிறது, அது ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் உள்ள கட்டளைகளை நிறைவேற்றிவிட்டுப் பயனரின் கட்டளைக்காகக் காத்திருக்கிறது.

இந்தப் படிகள் எல்லாம் ஒரே திரையில்தான் எழுதுகின்றன. ஆனால் எழுதும் வழி ஒன்றல்ல. சில நிரல்கள் டாஸின் 21எச் குறுக்கீட்டின் வழியாக எழுத்தைத் தருகின்றன. சில, பயாஸின் 10எச் குறுக்கீட்டை நேரே அழைக்கின்றன. இன்னும் சில, யாரையும் கேட்காமல் திரை நினைவகத்திலேயே எழுதிவிடுகின்றன. ஒரு செய்தியைப் பிடிக்க முடியுமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: அது எந்த வழியில் வந்தது? அது வருவதற்கு முன்பே பிடிப்பவர் அந்த வழியில் நின்றாரா? பின்னால் தோன்றிய எல்லா முறைகளின் வலிமையும் வரம்பும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும்.

தாளில் பதித்த காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியுடன் வந்த பிசி-டாஸ் 1.0, சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸிலிருந்து வளர்ந்தது. அந்தக் கணினியின் அடிப்படை மாதிரியில் 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. நெகிழ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 160 கிலோபைட். ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குப் பார்த்த அந்தச் சூழலில், திரையில் காட்டி முடித்த வரிகளுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்படவில்லை.

கிடைத்த வழி பிரிண்டர். ஷிஃப்ட் விசையுடன் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையை அழுத்தினால் பயாஸ் அந்த நேரத்துத் திரையை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பியது. கன்ட்ரோல் விசையுடன் அழுத்தினால், அதன் பிறகு டாஸ் வழியாக வரும் ஒவ்வொரு வரியும் திரையிலும் தாளிலும் சேர்ந்தே விழுந்தது. கன்ட்ரோல்-பி என்ற விசைச் சேர்க்கையும் இதே வேலையைச் செய்தது. அது கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து டாஸுக்கு வந்த வழக்கம். எனினும் இந்த விசைகளை அழுத்துவதற்குள் தொடக்கச் செய்திகளில் பல கடந்துபோயிருக்கும்.

யூனிக்ஸ் உலகம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. பெர்க்லி யூனிக்ஸின் கர்னல் தன் செய்திகளை நினைவகத்தில் ஒதுக்கிய ஒரு பஃபரில் சேர்த்துவைத்தது. டிமெஸ்ஜி என்ற கட்டளை அவற்றைப் பின்னர் எடுத்துக் காட்டியது. லினக்ஸும் அந்த முறையையே பின்பற்றியது. டாஸில் அப்படியொரு பஃபர் இருந்ததில்லை.

டாஸ் 2.0: திசைதிருப்பலின் வருகை

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டியுடன் வெளியான டாஸ் 2.0, யூனிக்ஸிலிருந்து பல கருத்துகளை எடுத்துக்கொண்டது. கான்ஃபிக்.சிஸ் கோப்பும் வெளியிலிருந்து ஏற்றக்கூடிய இயக்கிகளும் அதில்தான் அறிமுகமாயின. அதாவது, தொடக்கச் செய்திகள் பெருகக் காரணமானதும் இந்த வெளியீடுதான். அவற்றைப் பிடிப்பதற்கான முதல் கருவிகளையும் அதுவே தந்தது. > என்ற குறி ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியது. >> என்ற குறி இருக்கும் கோப்பின் முடிவில் சேர்த்தது. சிடிடிஒய் என்ற கட்டளை விசைப்பலகை, திரை இரண்டையும் விட்டுவிட்டு, சீரியல் போர்ட்டில் இணைத்த மற்றொரு கருவியைக் கன்சோலாக ஏற்கச் செய்தது.

ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் >> குறியும் ஒரு கோப்புப் பெயரும் சேர்ப்பதே எளிய பதிவுமுறை. 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-க்குப் பிறகு, கடைசி வரியாக மெம் /சி கட்டளையையும் இப்படிச் சேர்த்தவர்களுக்கு எந்த நிரல் எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொண்டது என்ற பட்டியலும் அதே கோப்பில் கிடைத்தது. 640 கிலோபைட் எல்லைக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்த காலத்தில் அந்தப் பட்டியல் மிகவும் பயன்பட்டது.

முழுக் கோப்பின் வெளியீட்டையும் ஒரே வரியில் பிடிக்க இன்னொரு உத்தி இருந்தது. உண்மையான கட்டளைகளை வேறொரு பேட்ச் கோப்புக்கு மாற்றிவிட்டு, ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் கமாண்ட் /சி என்று தொடங்கி அந்தப் பெயரையும், > குறியையும், பதிவுக் கோப்பின் பெயரையும் எழுதுவது. இதற்கு இரண்டு விலைகள் கொடுக்க வேண்டியிருந்தது. கமாண்ட் /சி, கட்டளை விளக்கியின் இரண்டாவது பிரதியை இயக்குகிறது. அந்தப் பிரதியில் அமைத்த பாத், ப்ராம்ப்ட் முதலிய சூழல் மாறிகள் அது முடிந்ததும் அழிந்துவிடும். இரண்டாவதாக, மவுஸ் இயக்கி போன்று நினைவில் தங்கும் நிரல் அங்கே ஏற்றப்பட்டால், பதிவுக் கோப்பின் கைப்பிடியையும் அது தன்னோடு வைத்துக்கொள்ளும். கான்ஃபிக்.சிஸின் ஃபைல்ஸ் வரியில் திறந்த கோப்புகளுக்கென ஒதுக்கிய இடங்களில் ஒன்று வீணாகும். ஆகவே இந்த உத்தி பழுதைக் கண்டறியும் நாளுக்கு ஏற்றதாக இருந்ததே தவிர, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லை.

திசைதிருப்பல் எட்டாத இடம்

> குறியைப் புரிந்துகொள்வது கமாண்ட்.காம். கான்ஃபிக்.சிஸ் வரிகள் படிக்கப்படும்போது கமாண்ட்.காம் இன்னும் ஏறவே இல்லை. எனவே டிவைஸ் வரிகளின் முடிவில் > குறி இட்டுப் பயனில்லை. நினைவக இயக்கிகளான ஹைமெம்.சிஸ், ஈஎம்எம்386, மேலும் சிடி டிரைவ் இயக்கி ஆகியவற்றின் செய்திகள், அதாவது பழுது பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடங்கள், இந்த முறையின் கைக்கு எட்டவில்லை.

இயக்கி வடிவிலேயே ஒரு பதிவாளரை எழுதிக் கான்ஃபிக்.சிஸின் முதல் வரியில் வைப்பதே இதற்குச் சரியான விடை. ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொடக்க வேளையில் இயக்கிகள் டாஸின் சில சேவைகளை மட்டுமே அழைக்கலாம்: எழுத்தை வாங்குவது, காட்டுவது, பதிப்பெண்ணைக் கேட்பது, குறுக்கீட்டு முகவரியை மாற்றுவது போன்றவை. கோப்பைத் திறந்து எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் அத்தகைய பதிவாளர் 10எச் அல்லது 29எச் குறுக்கீட்டைத் தன்வசப்படுத்தி, கடந்துபோகும் எழுத்துகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, டாஸ் முழுமையாக எழுந்த பிறகே கோப்பில் எழுத வேண்டும். 29எச் என்பது டாஸ் தன் கன்சோல் எழுத்துகளை விரைவாக வெளியிடப் பயன்படுத்தும் உள்வழி. இயல்பு நிலையில் அது பயாஸின் 10எச் குறுக்கீட்டில் போய்ச் சேர்கிறது. யூனிக்ஸ் கர்னல் தானே செய்துகொண்ட வேலையை டாஸில் வெளியிலிருந்து வந்த ஓர் இயக்கி செய்ய வேண்டியிருந்தது.

திரை நினைவகத்தைப் படித்தல்

வண்ணத் திரையின் எழுத்துகள் பி800 என்னும் பதினாறடிமான முகவரிப் பகுதியில் இருந்தன. ஒற்றை நிறத் திரைக்கு அது பி000. 80 பத்திகளும் 25 வரிகளும் சேர்ந்து 2,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் எழுத்து, ஒரு பைட் நிறம் என மொத்தம் 4,000 பைட்டுகள். எந்த வழியில் எழுதப்பட்டிருந்தாலும் திரையில் இன்னும் தெரியும் செய்தி இந்த 4,000 பைட்டுகளுக்குள் இருந்தாக வேண்டும்.

டாஸுடன் வந்த டீபக் நிரலே இதைப் பிடிக்கப் போதுமானது. அதன் எம் கட்டளையால் பி800:0 முதலான எஃப்ஏ0 பைட்டுகளை 100 என்ற இடத்துக்கு நகலெடுக்க வேண்டும்; எஃப்ஏ0 என்பது 4,000-இன் பதினாறடிமான வடிவம். பிறகு சிஎக்ஸ் பதிவகத்தில் அதே அளவைக் குறித்து, என் கட்டளையால் கோப்புக்குப் பெயரிட்டு, டபிள்யூ கட்டளையால் வட்டில் எழுத வேண்டும். இந்தக் கட்டளைகளை முன்பே ஒரு கோப்பில் எழுதி டீபக்கிற்கு ஊட்டினால், தட்டச்சு செய்யும் வரிகளே திரையை மேலே தள்ளிவிடும் இடரும் குறையும். கிடைக்கும் கோப்பில் ஒன்றுவிட்டு ஒரு பைட் நிறக்குறியாக இருக்கும். அவற்றை நீக்கினால் வெறும் உரை மிஞ்சும். பேசிக் மொழி அறிந்தவர்கள் பிசேவ் கட்டளையால் இதே நினைவகப் பகுதியைச் சேமித்தனர். கடைசி 25 வரிகளுக்கு மேல் இந்த முறையால் மீட்க முடியாது.

நிறுத்திப் படிக்கும் வசதி

பிடிக்க முடியாததை நிறுத்தியாவது படிக்கலாம் என்ற வழியும் வளர்ந்தது. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டிஆர்-டாஸ், கான்ஃபிக்.சிஸ் வரியில் கேள்விக்குறி சேர்த்தால் பயனரின் ஒப்புதலைக் கேட்டுவிட்டே அந்த வரியை நிறைவேற்றியது. 1993 மார்ச்சில் வந்த எம்எஸ்-டாஸ் 6.0-இல் எஃப்5 விசை இரு தொடக்கக் கோப்புகளையும் தவிர்த்தது. எஃப்8 விசை கான்ஃபிக்.சிஸை ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு நடத்தியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.2, ஆட்டோஎக்ஸெக்.பேட் வரிகளுக்கும் இந்த வசதியை விரித்தது. ஹைமெம்.சிஸ் ஏறும் நேரத்தில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால், வழக்கமாகக் காட்டாத நிலைச் செய்திகளையும் அது காட்டியது. பழுது பார்ப்பவர்கள் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வரி வரியாகக் குறித்தெடுத்தது இந்தக் காலத்தில்தான்.

பூட்லாக்: பதிவு அமைப்பாக மாறியது

விண்டோஸ் 3.1-ஐ வின் /பி என்று தொடங்கினால் பூட்லாக்.டெக்ஸ்ட் என்ற கோப்பு உருவானது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இதைத் தொடக்கப் பட்டியலின் ஒரு தேர்வாகவே வைத்தது. அதற்கு அடித்தளமாக இருந்த ஐஓ.சிஸே பதிவு செய்ததால், கான்ஃபிக்.சிஸ் இயக்கிகளும் கணக்கில் வந்தன. ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் பதினாறடிமான நேரக்குறி, ஏற்றப்படும் கோப்பின் பாதை, அடுத்து வெற்றியா தோல்வியா என்ற முடிவு. முந்தைய பதிவு பூட்லாக்.பிஆர்வி என்ற பெயரில் காக்கப்பட்டது. ஆனால் இது நிகழ்வுகளின் பட்டியல். இயக்கிகள் திரையில் எழுதிய சொற்கள் அதில் இல்லை. தோற்ற இயக்கியின் பெயர் தெரிந்தது. ஏன் தோற்றது என்பதற்குத் திரையையே பார்க்க வேண்டியிருந்தது.

ஃப்ரீடாஸும் மெய்நிகர் கணினிகளும்

1994 ஜூன் 29 அன்று ஜிம் ஹால் அறிவித்த திட்டத்திலிருந்து ஃப்ரீடாஸ் பிறந்தது. பாட் வில்லானி எழுதிய கர்னல் அதன் அடிப்படை. 1.0 பதிப்பு 2006 செப்டம்பரிலும் 1.3 பதிப்பு 2022 பிப்ரவரியிலும் வந்தன. அதன் தொடக்கக் கோப்புகள் எஃப்டிகான்ஃபிக்.சிஸ், எஃப்டிஆட்டோ.பேட் என்ற பெயர்களைத் தாங்குகின்றன. மூல நிரல் திறந்திருப்பதால், செய்தி எந்த இடத்தில், எந்த வழியில் எழுதப்படுகிறது என்பதை யாரும் படித்தறியலாம். எம்எஸ்-டாஸின் பழைய பதிப்புகளும் இன்று அந்த நிலைக்கு வந்துவிட்டன: 1.25, 2.0 ஆகியவற்றின் மூல நிரல்களை 2014-இல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வழியாகவும், 4.0-இன் மூல நிரலை 2024-இல் திறந்த உரிமத்துடனும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

மெய்நிகர் கணினிகள் பழைய சிக்கலின் பெரும்பகுதியைத் தளர்த்தின. 2003-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமு, சீரியல் போர்ட்டுக்கும் பிரிண்டர் போர்ட்டுக்கும் செல்வதை நேரே கோப்பில் எழுதும். 1983-இன் சிடிடிஒய் கட்டளைக்கு இரண்டாவது கணினியே தேவையில்லாமல் போனது. கூகுள் உருவாக்கிய எஸ்ஜிஏபயாஸ் இன்னும் முன்னே போனது. வீடியோ அட்டையின் ரோம் போல ஏறி 10எச் குறுக்கீட்டைப் பிடித்து, திரைக்குச் செல்லும் எழுத்துகளைச் சீரியல் போர்ட்டுக்கு அனுப்பியது. டாஸ் ஏறுவதற்கு முன்பே அது வழியில் நிற்பதால் கான்ஃபிக்.சிஸ் செய்திகளும் அதற்குள் அகப்பட்டன. திரை நினைவகத்தில் நேரே எழுதும் நிரல்கள் மட்டும் அதற்கும் தப்பின.

பயன்

ஆலைக் கருவிகளையும் ஆய்வகக் கருவிகளையும் இயக்கும் பழைய டாஸ் நிரல்களைக் காப்பவர்களுக்கும், கணினி வரலாற்றை ஆவணப்படுத்துவோருக்கும், ஃப்ரீடாஸ் பழுதுகளை அறிவிப்போருக்கும் தொடக்கச் செய்திகளின் முழுப் பதிவு இன்றும் தேவைப்படுகிறது. ஒளிப்படமாக எடுத்த திரையைக் காட்டிலும் உரையாகப் பிடித்த பதிவு மேலானது: அதில் தேடலாம், இரண்டு தொடக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம், ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு கணினி நேற்று எழுந்ததற்கும் இன்று எழ மறுப்பதற்கும் இடையிலான காரணம் பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.