தார் சுற்றுகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில்?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது, காஞ்சிபுரத்தின் தறிகள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கையிருப்புப் பட்டு தீரும்வரை ஓடின. பிறகு கர்நாடகத்திலிருந்து பட்டு வரவில்லை. சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை. சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் தள்ளிப்போயின. நெய்து மடித்த சேலையை வாங்க ஆளில்லை. மாதச் சம்பளம் என்ற ஒன்றை அறியாத இந்த ஊரில் வேலை நின்ற நாளே கூலியும் நின்றது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு மாநில அரசு 1000 ரூபாய் கொடுத்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு ஒன்றிய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் செலுத்தியது. நலவாரியத்தில் பதிந்திருந்த கைத்தறி நெசவாளர்களுக்கு 2000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. தொகை போதுமா என்பது ஒரு கேள்வி. யார் என்ற அடையாளத்தில் அது கொடுக்கப்பட்டது என்பதே என் கேள்வி. முதலாவது குடும்பத்துக்கு வந்தது. இரண்டாவது, பெண்ணாக இருப்பதற்காக வந்தது. மூன்றாவது மட்டுமே தொழிலாளி என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயரில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

ஒரு பட்டுச்சேலை தறிக்கு வருமுன் நூல் இழைக்க வேண்டும், பாவு பிணைக்க வேண்டும், நாடாவுக்குத் தார் சுற்ற வேண்டும். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு நாடா போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இவற்றில் பெரும்பகுதி பெண்களின் கைவேலை. தறியில் உட்கார்ந்து நெய்கிற பெண்களும் உண்டு. ஆனால் கூலிச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கு முடிப்பது பெரும்பாலும் ஆண். சங்க உறுப்பினர் அட்டையிலும் அவர் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும்.

இது கொரோனா காலத்தில் முளைத்த வழக்கமல்ல. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நெசவாளர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. நூலைக் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கொள்வது. மண் சுமக்க அனுப்பாமல் அவரவர் தொழிலிலேயே பிழைக்கவிட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் விலை துணிக்குத்தான். தார் சுற்றியவளின் உழைப்பு அந்தத் துணிக்குள்ளேயே மறைந்துபோயிற்று.

1952இல் கைத்தறி மறுபடி நொடித்தது. நெசவாளர்களுக்குக் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. வேட்டி, சேலை நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி கேட்டார். காஞ்சியில் பிறந்த அண்ணா தெருவில் இறங்கிக் கைத்தறித் துணி விற்றார். அந்த ஆண்டே அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது. 1953இல் ஆலைத்துணிக்குக் கஜத்துக்கு மூன்று பை தீர்வை விதித்துக் கைத்தறிக்கு நிதி திரட்டினார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் அந்தப் பேச்சுகளின் நாயகன் ‘நெசவாளி’. அவன் மனைவி, கஞ்சிக்காகக் காத்திருப்பவளாகத்தான் அதில் வந்தாள்.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 35 லட்சம் பேரைக் கண்டது. அவர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் பெண்கள். அதில் பெரும்பங்கு வடகிழக்கு மாநிலங்களுடையது என்றாலும், தொழிலின் முகம் எது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. அந்தக் கணக்கெடுப்பு முடிந்த சூட்டோடு, 2020 ஜூலையில், கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது.

என் வகுப்பு மாணவிகளின் விண்ணப்பங்களில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே இருக்கும். ஒருத்தியிடம் கேட்டேன். “அம்மா தறில உக்காராது மேடம், தார்தான் சுத்தும்” என்றாள். காலை ஐந்து மணிக்கு ராட்டையில் உட்காரும் பெண்ணின் உழைப்பு மகளின் வாயில்கூட வேலையாகவில்லை. அவளுக்குக் கூலி ரசீது கிடையாது. ரசீது இல்லாதவள் எதைக் காட்டித் தன்னைத் தொழிலாளி என்று நிரூபிப்பாள்?

2023இல் தமிழ்நாடு, செயலி வழி வேலை செய்வோருக்குத் தனி நலவாரியம் அமைத்தது. உணவு கொண்டுபோகும் இளைஞரும் வண்டி ஓட்டும் பெண்ணும் அதில் பதியலாம். அவர்களைத் தொழிலாளி என்று காட்ட, செயலியில் ஒரு கணக்காவது இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் துண்டுக்கூலிக்கு உழைக்கும் தார்க்காரிக்கு அதுவும் இல்லை.

நெருக்கடி வந்த பிறகு பெயர் சேர்க்க நேரம் இருக்காது. உதவி, ஏற்கெனவே இருக்கும் பட்டியலைத் தேடித்தான் வரும். ஆகவே பட்டியலை இப்போதே திருத்த வேண்டும். ஒரு தறிக்கு ஒரு பெயர் என்ற கணக்கை விட்டுவிட்டு, அந்தத் தறிக்காக வேலை செய்யும் ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயர் என்று எழுத வேண்டும். தார் சுற்றும் கூலிக்கும் ஒரு சீட்டு கொடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன், நம் வீட்டு விண்ணப்பங்களில் அம்மாவின் தொழில் என்ன என்பதை நாமே சரியாக எழுதிவிடலாம்.